குழந்தையின் இதயத்தில் சின்ன ஓட்டை: எக்கோ ரிப்போர்ட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

ஆறாவது வாரத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்துக் கேட்கிறார். இடம் மாற்றி வைத்து மறுபடியும் கேட்கிறார். "லேசா ஒரு சத்தம் கேட்குதும்மா, எதுக்கும் ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துடலாம்" என்கிறார். எக்கோவில் ஓட்டை என்று வந்துவிட்டால், அன்று மாலைக்குள் செய்தி குடும்பம் முழுக்கப் பரவிவிடும். பெரியம்மா, தனக்குத் தெரிந்த பையனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த கதையைச் சொல்வார். சித்தப்பா, "அதெல்லாம் தானா மூடிக்கும்" என்பார். பக்கத்து வீட்டு அக்கா, குழந்தையை அழவே விடக்கூடாது என்பார்.

மூன்று பேர் சொல்வதும் ஏதோ ஒரு குழந்தையின் விஷயத்தில் சரிதான். ஆனால் மூவரும் வெவ்வேறு நோய்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கிறது. அதில் ஒரு கோடியில், பிறந்த முதல் வாரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகும் குறைகள் இருக்கின்றன. மறு கோடியில், குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் தடம் தெரியாமல் மறைந்துவிடும் ஓட்டைகள். இரண்டையும் ஊரில் ஒரே பெயரில்தான் சொல்கிறோம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவது கூட்டத்தைப் பற்றியது.

ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் மற்றதெல்லாம் எளிதாக விளங்கும்: அந்த ஓட்டை வழியாக எவ்வளவு ரத்தம் போகக் கூடாத பக்கம் போகிறது?

நான்கு அறை, இரண்டு சுவர்

இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. மேலறைகள் வருகிற ரத்தத்தை வாங்கிக் கீழே விடும். கீழறைகள் அதை வெளியே தள்ளும். வலது பக்கம், உடல் முழுக்கச் சுற்றிக் களைத்து வந்த ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடது பக்கம், நுரையீரலில் ஆக்ஸிஜன் ஏற்றிக்கொண்டு வந்த ரத்தத்தை உடலுக்கு அனுப்புகிறது. இரண்டு பக்கமும் கலக்காமல் இருக்க நடுவில் சுவர். மேலறைகளுக்கு நடுவில் ஒன்று, கீழறைகளுக்கு நடுவில் ஒன்று.

இரண்டு பக்கமும் ஒரே பலத்தோடு தள்ளுவதில்லை. நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் ரத்தக் குழாய்களும் இளகியவை. அதனால் வலது கீழறை மெதுவாகத் தள்ளினால் போதும். இடது கீழறை தலையிலிருந்து கால் விரல் வரை ரத்தத்தைக் கொண்டு சேர்க்க வேண்டும். வளர்ந்தவர்களில் இடது கீழறையின் உச்ச அழுத்தம் சுமார் 120 மில்லிமீட்டர் பாதரசம். வலதில் சுமார் 25தான். குழந்தைகளுக்கு இடப்பக்க எண் இதைவிடக் குறைவு, ஆனால் இடது அதிகம், வலது குறைவு என்பது மாறாது.

ஆகவே நடுச்சுவரில் ஓட்டை இருந்தால் ரத்தம் இடமிருந்து வலமாகத்தான் பாயும். அதாவது ஆக்ஸிஜன் ஏறிய நல்ல ரத்தத்தில் ஒரு பகுதி உடலுக்குப் போகாமல் மறுபடியும் நுரையீரலுக்கே திரும்புகிறது. கெட்ட ரத்தம் உடலுக்குள் கலப்பதில்லை. சாதாரண ஓட்டை உள்ள குழந்தையின் உதடு நீலமாகாததற்குக் காரணம் இதுதான். நீலம் பாரித்தால் அது வேறு வகைக் குறை. அப்படிப்பட்ட சில குறைகளில்தான் குழந்தை வீறிட்டு அழுதால் நீலம் கூடி மயங்கும் ஆபத்து உண்டு. பக்கத்து வீட்டு அக்கா எங்கோ பார்த்த குழந்தை அந்த வகையாக இருந்திருக்கும்.

மூன்று ஓட்டைகள், மூன்று குணம்

கீழறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவரில் ஓட்டை என்றால் விஎஸ்டி. இதய ஓட்டைகளில் மிகப் பரவலானது இதுதான்.

மேலறைகளுக்கு நடுவில் என்றால் ஏஎஸ்டி. மேலறைகளில் இரு பக்கமும் அழுத்தம் குறைவு, வித்தியாசமும் குறைவு. அதனால் இது சத்தம் போடாமல் இருக்கும். பள்ளிக்கூட வயதிலோ, சில சமயம் கல்யாண வயதிலோதான் தற்செயலாகத் தெரிய வரும்.

மூன்றாவது சுவரிலேயே இல்லை. கருவில் இருக்கும்போது குழந்தை மூச்சு விடுவதில்லை, ஆக்ஸிஜன் தாயிடமிருந்து வருகிறது. நுரையீரலுக்கு அதிக ரத்தம் தேவைப்படாததால், நுரையீரல் தமனியிலிருந்து நேராக மகாதமனிக்குப் போக ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். மகாதமனி என்பது இதயத்திலிருந்து உடலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய். குழந்தை பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் இந்தக் குறுக்குக் குழாய் சுருங்க ஆரம்பித்து, ஓரிரு நாளில் அடைபட்டு, சில வாரங்களில் வெறும் நார் போல ஆகிவிடும். ஆகாமல் திறந்தே இருந்தால் பிடிஏ. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இது அதிகம்.

கருவில் இருந்த இன்னொரு வழியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மேலறைச் சுவரில் கதவு போல ஒரு மடிப்பு இருக்கும். பிறந்த பிறகு இடப்பக்க அழுத்தம் கூடியதும் அது சாத்திக்கொள்ளும், பிறகு மெல்ல ஒட்டிக்கொள்ளும். பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டாமலே இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவும் தெரியாது. ரிப்போர்ட்டில் பிஎஃப்ஓ என்று போடுவது இதைத்தான். பிறந்த குழந்தைக்கு எக்கோ எடுத்தால் இது தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 'பிஎஃப்ஓ 2 மில்லிமீட்டர்' என்ற வரியைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காத பெற்றோர் நிறைய. அந்த வரிக்கு அவ்வளவு மதிப்பு கொடுக்கத் தேவையில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கீழறைச் சுவரில் விஎஸ்டி, மேலறைச் சுவரில் ஏஎஸ்டி, இதயத்துக்கு வெளியே மூடாத குழாய் பிடிஏ. மூன்றிலும் ரத்தம் இடமிருந்து வலமாகப் போவதால் குழந்தை நீலமாகாது.

சத்தம் பெரிசு, ஓட்டை சின்னது

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் குழாயின் வாயைக் கட்டைவிரலால் முக்கால்வாசி அடைத்துப் பாருங்கள். தண்ணீர் 'ஸ்ஸ்' என்று சீறிக்கொண்டு தூரமாகப் பீய்ச்சும். ஆனால் வாளியை வைத்துப் பிடித்தால் நிறைய நேரம் ஆகும். விரலை எடுத்துவிட்டால் சீற்றம் போய்விடும், சத்தமில்லாமல் தண்ணீர் கொட்டும், வாளி சட்டென்று நிறையும்.

சின்ன விஎஸ்டியில் நடப்பது விரல் வைத்த குழாயில் நடப்பதுதான். இடது கீழறையின் அழுத்தம் ரத்தத்தைக் குறுகிய துளை வழியாகப் பீய்ச்சுகிறது. சத்தம் பலமாக இருக்கும். சில குழந்தைகளின் நெஞ்சில் கையை வைத்தாலே அதிர்வு தெரியும். ஆனால் அந்தப் பக்கம் போகும் ரத்தத்தின் அளவு கொஞ்சம். டாக்டர்கள் மர்மர் என்று சொல்வது இந்தச் சத்தத்தைத்தான். 1879ல் ஹென்றி ரோஜர் என்ற பிரெஞ்சு மருத்துவர், பலமான சத்தம் இருந்தும் உடம்புக்கு ஒன்றும் செய்யாத இந்த வகைக் குறையை விவரித்து எழுதினார். எக்ஸ்ரே கூட இல்லாத காலம் அது. சின்ன விஎஸ்டிக்கு இன்றைக்கும் 'ரோஜர் நோய்' என்று ஒரு பெயர் உண்டு.

பெற்றோர் மிக எளிதாகத் தடுமாறும் இடம் இது. "சத்தம் ரொம்ப அதிகமா இருக்குன்னு டாக்டர் சொன்னார்" என்று கண் கலங்குவார்கள். விஎஸ்டியில் சத்தம் அதிகம் என்பதற்கு அழுத்த வித்தியாசம் அப்படியே இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது நல்ல சேதி. சத்தம் குறைந்துகொண்டே வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, ஓட்டை மூடி வருகிறது. இன்னொன்று, பெரிய ஓட்டையாக இருந்து, பல காலம் கூடுதல் ரத்தத்தைத் தாங்கித் தாங்கி நுரையீரல் ரத்தக் குழாய்கள் தடித்து, வலப்பக்க அழுத்தமும் இடப்பக்கத்துக்குச் சமமாக ஏறிவிட்டது. இது கவனிக்காமல் விட்ட பெரிய ஓட்டைகளில் வருவது. சின்ன ஓட்டையில் இப்படி ஆவதில்லை. ஆனால் இரண்டில் எது என்று காதால் மட்டும் தீர்மானிக்காமல் எக்கோவிலும் பார்ப்பார்கள்.

பிறந்தபோது யாரும் சொல்லவில்லையே?

"டிஸ்சார்ஜ் பண்ணும்போது எல்லாம் நார்மல்னு எழுதிக் கொடுத்தாங்க. இப்ப ஓட்டைங்கறாங்க." இந்தக் கோபத்தைக் குழந்தை மருத்துவர்கள் அடிக்கடி சந்திக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே யார் மேலும் தப்பில்லை.

கருவில் இருந்தவரை நுரையீரல் சுருங்கிக் கிடந்தது, அதன் ரத்தக் குழாய்களும் இறுக்கமாக இருந்தன. பிறந்த உடனே அந்த இறுக்கம் முழுதும் தளராது. முதல் நாட்களில் வேகமாகவும் அப்புறம் மெதுவாகவும் குறைந்து, அடிமட்டத்துக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் வரை ஆகும். அதுவரை வலப்பக்க அழுத்தமும் கணிசமாக இருக்கும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் என்றால் ஓட்டை இருந்தும் ரத்தம் பாயாது, பாயாவிட்டால் சத்தமும் இல்லை. வாரங்கள் போகப் போக வலப்பக்கம் தளரும், பாய்ச்சல் தொடங்கும், மர்மர் கேட்கும். தடுப்பூசிக்குப் போகும்போது கண்டுபிடிக்கப்படுவது இதனால்தான். ஓட்டை பெரிதாக இருந்தால் மூச்சு வாங்குவது, எடை ஏறாதது போன்ற தொல்லைகளும் ஒன்று, இரண்டு மாத வயதில்தான் தலைகாட்டும்.

கர்ப்பத்தின்போது எடுத்த ஸ்கேனில் தெரியவில்லையே என்பதும் இதே மாதிரிதான். ஐந்தாம் மாத ஸ்கேன் பெரிய குறைகளைக் காட்டிக்கொடுக்கும். அந்தச் சமயத்தில் இதயமே ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுக்குள்தான் இருக்கும். அதன் சுவரில் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் துளை தப்பிப் போவது இயல்பு. பிஎஃப்ஓவும் பிடிஏவும் கருவில் இருந்தே ஆக வேண்டிய வழிகள். அவற்றை அங்கே குறை என்று சொல்ல முடியாது.

பல மருத்துவமனைகளில் பிறந்த மறுநாள் குழந்தையின் கையிலும் காலிலும் சின்ன கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான குறைகளைப் பிடிக்க அது அருமையான சோதனை. சின்ன ஓட்டையைப் பிடிக்காது, ஏனென்றால் சின்ன ஓட்டையில் ஆக்ஸிஜன் குறைவதே இல்லை.

எக்கோ அறையில்

மர்மர் கேட்டாலே ஓட்டை என்று அர்த்தமில்லை. ஆரோக்கியமான குழந்தைகளில் பாதிப் பேருக்காவது ஏதோ ஒரு வயதில் மர்மர் கேட்கும். காய்ச்சலிலும் ரத்தசோகையிலும் அது பலமாகும். படுத்தால் ஒரு மாதிரியும் உட்கார்ந்தால் ஒரு மாதிரியும் கேட்கும். இதயத்தில் எந்தக் குறையும் இல்லாமல், ரத்தம் வேகமாக ஓடுவதால் வரும் இந்தச் சத்தத்துக்குச் சிகிச்சை எதுவும் கிடையாது. பழக்கப்பட்ட காது இதைப் பெரும்பாலும் பிரித்துவிடும். சந்தேகம் என்றால் எக்கோ.

எக்கோ என்பது வயிற்று ஸ்கேன் போலவே ஒலி அலையால் எடுக்கும் படம். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, கையடக்கமான கருவியை வைத்து நகர்த்துவார்கள். கைகாலை உதைத்து அழும் குழந்தைக்கு நல்ல படம் எடுக்க முடியாது. அதனால் சில இடங்களில் தூங்க வைக்கும் சிரப் கொடுப்பார்கள். ஆறு வாரக் குழந்தைக்குப் பசியாற்றிக் கொண்டு போனாலே போதும், பாதி நேரம் தூங்கிவிடும்.

திரையில் சிவப்பும் நீலமும் தெரிந்ததும் பலர் நீலத்தைக் கெட்ட ரத்தம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நிறங்களுக்கும் ஆக்ஸிஜனுக்கும் சம்பந்தமில்லை. கருவியை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போகும் ரத்தம் நீலம், அவ்வளவுதான். சின்ன துளை வழியே பீய்ச்சும் இடத்தில் மஞ்சளும் பச்சையும் கலந்து பளிச்சென்று ஒரு கீற்று தெரியும். டாக்டர் அந்தக் கீற்றைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.

அப்புறம் கைக்கு வருவது ரிப்போர்ட். சின்ன விஎஸ்டி என்றால் அதில் மூன்று, நான்கு விஷயங்கள்தான் முக்கியம்.

முதலில் அளவு. 3 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை. மகாதமனி தொடங்கும் வாயோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த வாயில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஓட்டை இருந்தால் சிறியது என்பது பொதுக் கணக்கு. பிறந்த குழந்தைக்கு அந்த வாய் ஏழெட்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், அதில் 4 மில்லிமீட்டர் ஓட்டை நடுத்தரம். பத்து வயதில் அந்த வாய் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அதே 4 மில்லிமீட்டர் அப்போது சின்ன ஓட்டை. துளை அப்படியே இருந்தாலும் இதயம் வளர வளர அதன் பொருள் சுருங்குகிறது.

இரண்டாவது, கிரேடியன்ட். ஓட்டையின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் அது. ரத்தம் எவ்வளவு வேகத்தில் பீய்ச்சுகிறது என்று எக்கோ அளக்கும். வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நான்கால் பெருக்கினால் வித்தியாசம் கிடைத்துவிடும். வினாடிக்கு 4 மீட்டர் வேகம் என்றால் 4 x 4 x 4, அதாவது 64. குழந்தையின் ரத்த அழுத்தம் 90 என்று வையுங்கள். இடது கீழறையில் 90, வித்தியாசம் 64, ஆக வலது கீழறையில் 26. நார்மல். சர்க்கரை, கொழுப்பு ரிப்போர்ட்டுகளில் பெரிய எண்ணைப் பார்த்துப் பயந்து பழகிய நமக்கு, 'கிரேடியன்ட் 64' என்றால் வயிறு கலங்கும். இங்கே கணக்கு தலைகீழ். விஎஸ்டியில் கிரேடியன்ட் அதிகமாக இருப்பதுதான் நமக்கு வேண்டியது. வால்வு குறுகலாக இருக்கும் குழந்தையின் ரிப்போர்ட்டில் இதே சொல் வந்தால் அங்கே அதிகம் என்பது கெடுதல். ஆகவே இன்னொரு குழந்தையின் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள்.

மூன்றாவது, இடப்பக்க அறைகள் வீங்கியிருக்கின்றனவா என்பது. ஓட்டை வழியே அதிக ரத்தம் நுரையீரலுக்குப் போனால் அதெல்லாம் இடது மேலறைக்குத்தான் திரும்பி வரும். இடப்பக்கம் பெரிதாகும். பெரிதாகவில்லை என்றால் போகும் ரத்தம் குறைவு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஏஎஸ்டியில் மட்டும் இது மாறும், அங்கே பெரிதாவது வலப்பக்கம்.

நான்காவது, ஓட்டை சுவரில் எங்கே இருக்கிறது என்பது. அது தானாக மூடுமா என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேதான்.

தானாக மூடுமா?

கீழறைச் சுவரின் பெரும்பகுதி தடித்த தசை. அதில் இருக்கும் சின்ன ஓட்டை, குழந்தை வளரும்போது சுற்றியுள்ள தசை பெருத்து அடைபடும். இது எவ்வளவு சகஜம் என்பதற்கு 1995ல் இஸ்ரேலிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். நோய் அறிகுறி பார்க்காமல், பிறந்த 1,053 குழந்தைகளுக்கு எக்கோ எடுத்தார்கள். 56 பேருக்குத் தசைப் பகுதியில் விஎஸ்டி இருந்தது. ஏறக்குறைய இருபதில் ஒன்று! ஒருவருக்கும் தொந்தரவு இல்லை. தொடர்ந்து கவனித்த குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேருக்குப் பத்து மாதத்துக்குள் மூடிவிட்டது. எக்கோ இல்லாத தலைமுறையில் இப்படி எத்தனையோ பேர் ஓட்டையோடு பிறந்து, அது மூடி, தெரியாமலே தாத்தா பாட்டி ஆகியிருப்பார்கள்.

சுவரின் மேல்முனையில், வால்வுகளுக்குப் பக்கத்தில் சவ்வு போல மெல்லிய பகுதி ஒன்று உண்டு. அங்கே இருக்கும் ஓட்டையும் மூடலாம், ஆனால் வழி வேறு. பக்கத்து வால்வின் இதழ்த் திசு மெல்ல அதன் மேல் வந்து ஒட்டிக்கொண்டு துளையைக் குறைக்கும். இது தசை ஓட்டை அளவுக்கு உறுதியில்லை, காலமும் பிடிக்கும். மூடுவதில் பெரும்பங்கு முதல் இரண்டு வயதுக்குள் நடந்துவிடும். அதற்குப் பிறகும் நடக்கலாம், ஆனால் வேகம் குறைவு.

ஏஎஸ்டியில், சுவரின் நடுவில் இருக்கும் சின்ன ஓட்டைகள் பெரும்பாலும் முதல் சில வருடங்களில் மூடும். 8 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அந்த நம்பிக்கை குறைவு. சுவரின் ஓரத்தில் இருப்பவை மூடுவதே இல்லை. பிடிஏ, நிறைமாதக் குழந்தைக்குச் சில மாதம் கடந்தும் திறந்திருந்தால் தானாக மூடுவது அரிது. குறைமாதக் குழந்தைக்கு மருந்தாலேயே மூட வைக்க முடிகிற ஒரே வகை அதுதான். இபுப்ரோஃபென், பாராசிட்டமால் போன்ற சாதாரணமாகத் தெரியும் மருந்துகள்தான், ஆனால் மருத்துவமனையில், முதல் வாரங்களில். சுவர் ஓட்டையை மூட உலகில் எந்த மாத்திரையும் லேகியமும் இல்லை. இருக்கிறது என்று விற்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். குழந்தைக்குத் தானாக மூடிய ஓட்டைக்கு அவர் பேர் வாங்கிக்கொள்வார்.

மூடாவிட்டால்? சின்ன விஎஸ்டி மூடாமலே இருந்து, வேலை பார்த்து, பிள்ளை பெற்று, முழு ஆயுளும் வாழ்கிறவர்கள் ஏராளம். 'மூடவில்லை' என்பதும் 'ஆபரேஷன் வேண்டும்' என்பதும் ஒன்றல்ல.

சின்னது என்றாலும் விட்டுவிடக் கூடாதவை

சித்தப்பா கட்சி ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஓட்டை சின்னதாக இருந்தும் வருடா வருடம் பார்த்தே ஆக வேண்டிய வகை ஒன்று இருக்கிறது. நுரையீரல் தமனி புறப்படும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மகாதமனி வால்வை ஒட்டி இருக்கும் விஎஸ்டி அது. அங்கே பீய்ச்சும் ரத்தம் வால்வின் இதழை ஓட்டைக்குள் இழுக்கும். இதழ் தொங்கிப்போய் வால்வு கசிய ஆரம்பிக்கும். ஓட்டையை இதழே அடைத்துக்கொள்வதால் எக்கோவில் துளை சின்னதாகத் தெரியும், மர்மரும் குறையலாம். வீட்டில் மூடுகிறது என்று சந்தோஷப்படுவார்கள். ஜப்பான், சீனா போன்ற கிழக்காசிய நாடுகளில் இது அதிகம், நம் பக்கமும் இல்லாமல் இல்லை. கசிவு தொடங்கினால் ஓட்டையின் அளவைப் பார்க்காமல் ஆபரேஷன் செய்வார்கள். "சின்னதுதானே" என்று அடுத்த செக்கப்பை விட்டவர்களுக்குத்தான் இங்கே நஷ்டம்.

இன்னொன்று, இதயத்தின் உட்பக்கச் சுவரில் கிருமி தொற்றுவது. பீய்ச்சும் ரத்தம் மோதும் இடத்தில் கிருமி ஒட்டிக்கொள்ளலாம். அரிதுதான், ஆனால் வந்தால் கடுமையானது. கிருமி பெரும்பாலும் வாயிலிருந்துதான் வரும், அதனால் சொத்தைப் பல்லை இந்தக் குழந்தைகள் வளர்த்து வைத்திருக்கக் கூடாது. முன்பெல்லாம் பல் பிடுங்கும் முன் இவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். 2007ல் அமெரிக்க இதயச் சங்கம் விதியை மாற்றிய பிறகு, சாதாரண சின்ன ஓட்டைக்கு அது தேவையில்லை என்பது நிலை. ஓட்டையை அடைத்த முதல் ஆறு மாதம், செயற்கை வால்வு, ஏற்கெனவே இந்தத் தொற்று வந்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் தேவை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: காரணம் புரியாத காய்ச்சல் நாள் கணக்கில் நீண்டால், மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். டாக்டரிடம் ஓட்டை விஷயத்தைச் சொல்லுங்கள். ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்த பிறகுதான் மருந்து. முதலில் மருந்து போய்விட்டால் கிருமி சோதனையில் அகப்படாமல் ஒளிந்துகொள்ளும்.

சுருக்கமாக: தசைப் பகுதியில் இருக்கும் சின்ன ஓட்டை பெரும்பாலும் மூடும். வால்வை ஒட்டியது சின்னதென்றாலும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். மூடாத ஓட்டை எல்லாம் ஆபரேஷனுக்குப் போவதில்லை.

வீட்டில் என்ன பார்ப்பது?

மர்மர் உங்களுக்குக் கேட்காது. பால் குடிப்பதைப் பார்த்தால் போதும். கைக்குழந்தைக்கு மிகப் பெரிய உடற்பயிற்சி பால் குடிப்பதுதான். நல்ல இதயமுள்ள குழந்தை இழுத்துக் குடித்துவிட்டுத் தூங்கும். அதிக ரத்தம் நுரையீரலுக்குப் போகும் குழந்தை நாலு வாய் குடிக்கும், விட்டுவிட்டு மூச்சு வாங்கும், மறுபடி நாலு வாய், அதற்குள் களைத்துத் தூங்கிவிடும், பத்து நிமிடத்தில் பசியில் எழும். ஃபேன் ஓடும்போதும் நெற்றி முத்து முத்தாக வியர்க்கும். எடை ஏறாது. விலாவுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழும். அமைதியாகத் தூங்கும்போது மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். அடிக்கடி நெஞ்சுச் சளி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் ஓர் அடையாளம்.

இதெல்லாம் இல்லாமல், எடையும் நன்றாக ஏறி, எக்கோவும் சின்னது என்று சொன்னால், அந்தக் குழந்தையை நோயாளியாக வளர்க்காதீர்கள். தடுப்பூசி எல்லாவற்றையும் உரிய நாளில் போட வேண்டும். அழட்டும், ஓடட்டும், கபடி விளையாடட்டும். பள்ளியில் பிடி பீரியடில் ஓரமாக உட்கார வைக்கச் சொல்லிக் கடிதம் கொடுப்பது அந்தப் பிள்ளைக்கு ஓட்டையைவிடப் பெரிய கெடுதல். பெண் குழந்தை என்றால் "வெளியே சொல்லாதே" என்று ஒரு ரகசியமும் சேர்ந்துகொள்கிறது. அந்த ரகசியத்தால் ரிப்போர்ட்டுகள் பீரோவுக்குள் போய், பிறகு பிரசவத்துக்குப் போகும் ஊரில் யாரிடமும் எதுவும் இருப்பதில்லை.

யார் காரணம்?

கிரகணத்தன்று வெளியே வந்தாள், எதையோ சாப்பிட்டாள், மாடிப்படி ஏறினாள் என்று தாயைத்தான் சொல்வார்கள். இதயச் சுவர்கள் உருவாகி முடிவது கருவின் ஏழெட்டாவது வாரத்துக்குள். கர்ப்பம் உறுதியாகி வீட்டில் சொல்லும்போதே பாதி வேலை முடிந்திருக்கும். பெரும்பாலான ஓட்டைகளுக்குக் குறிப்பிட்ட காரணம் எதையும் சுட்ட முடியாது. கட்டுக்குள் வராத சர்க்கரை நோய், முதல் மாதங்களில் ரூபெல்லா அம்மை, வலிப்புக்கும் முகப்பருவுக்கும் கொடுக்கும் சில மருந்துகள், மது ஆகியவை ஆபத்தைக் கூட்டும். நெருங்கிய உறவில் திருமணமும் ஓரளவு கூட்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும், அதனால் அவர்களுக்கு மர்மர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எக்கோ எடுக்க வேண்டும். முதல் குழந்தைக்கு ஓட்டை என்றால் அடுத்த குழந்தைக்கு வர வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு, மூன்று. பொதுவான வாய்ப்பைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அடுத்த கர்ப்பத்தில் இதயத்துக்கென்று ஒரு தனி ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம்.

அடைக்க வேண்டி வந்தால்

அறைகள் பெரிதாகின்றன, எடை ஏறவில்லை, வால்வு கசிகிறது என்றால்தான் இந்தப் பேச்சு. ஏஎஸ்டி, பிடிஏ, சில விஎஸ்டிகளுக்கு நெஞ்சைத் திறக்க வேண்டியதே இல்லை. தொடை ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழலைச் செலுத்தி, குடை போல விரியும் கம்பி வலையை ஓட்டையில் பொருத்திவிடுவார்கள். ஏஎஸ்டிக்குப் பெரும்பாலும் மூன்று, நான்கு வயது வரை காத்திருப்பார்கள், ஏனென்றால் அதற்குள் மூடவும் வாய்ப்பிருக்கிறது, குழந்தையும் பெரிதாகும். மற்றவற்றுக்கு அறுவை சிகிச்சை. பிடிஏவைக் கட்டி மூடும் அறுவையை 1938லேயே பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் ஏழு வயதுச் சிறுமிக்கு வெற்றிகரமாகச் செய்துவிட்டார். இந்தத் துறை அவ்வளவு பழசு.

செலவைப் பற்றி: மத்திய அரசின் ஆர்பிஎஸ்கே திட்டத்தில் 2013 முதல் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பிறவிக் குறைகளைப் பரிசோதிக்கின்றன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சை அடங்கும். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

சின்ன ஓட்டைக்கு அடுத்த எக்கோ எப்போது என்பதை இதயக் குழந்தை மருத்துவர் எழுதித் தருவார். முதல் வருடத்தில் சில மாதங்களுக்கு ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒன்று, அப்புறம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்று என்று இடைவெளி நீளும். ஒவ்வொரு முறையும் பழைய ரிப்போர்ட் அனைத்தையும் கொண்டு போங்கள். முடிந்தால் ஒரே இடத்தில் எடுங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் ஆளுக்கு ஆள், மெஷினுக்கு மெஷின் வரக்கூடியது. 3 போய் 4 வந்துவிட்டதே என்று ஓட்டை பெரிதாகிவிட்டதாக முடிவு கட்டுவதற்கு முன், இடது அறைகளின் அளவும் கிரேடியன்ட்டும் மாறியிருக்கின்றனவா என்று கேளுங்கள். மூடிவிட்டது என்று எழுதித் தரும் கடைசி ரிப்போர்ட்டையும் தூக்கிப் போட வேண்டாம். இருபது வருடம் கழித்து வேலைக்கு மெடிக்கல் எடுக்கும்போதோ, காப்பீட்டுப் படிவம் நிரப்பும்போதோ கேட்பார்கள்.